அம்மாவின் கீரைப்பாத்தியில் வெட்டிவேர்

என் ஆசை அம்மா,

நாளை உனக்குத் திதி. உனக்கு என்னென்ன பிடிக்கும் என்று சின்னவள் காலையிலிருந்து என்னைக் கேட்டுக் கேட்டு விரல் மடக்கிக்கொண்டிருக்கிறாள். உளுந்தவடை, பாயசம், முளைக்கீரை மசியல். கீரை என்றதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நம் கொல்லையில் இப்போது கீரை இல்லை அம்மா. உன் பாத்தி முழுக்க வெட்டிவேர் நிற்கிறது. வேலியோரம் துத்தி. ஏன் இப்படி ஆனது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியாததா? நீ எதிரில் இல்லை. அதனால் சொல்லிவிடலாம்.

பழைய சாமான் கடைக்காரர் இடிக்கிற வீடுகளில் வாங்கும் தேக்குக் கதவுகளை அப்பா வண்டியில் ஏற்றிவந்து கொல்லையில் சாத்துவார். நீ தகடும் உப்புத்தாளுமாக உட்கார்ந்து பெயிண்டைச் சுரண்டுவாய். பச்சைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே நீலம். மரம் தெரிந்ததும், "இப்பத்தான்டி இது கண்ணு முழிச்சிருக்கு" என்று சிரிப்பாய். சாயங்காலம் செதில்களைப் பெருக்கிக் கீரைப்பாத்தி ஓரத்தில் தள்ளிவிடுவாய். மழை பெய்தால் பாத்தியில் நிறம் நிறமாய் மின்னும். எனக்கு அது பிடிக்கும்.

அந்தப் பழைய பெயிண்டில் காரீயம் இருந்திருக்கிறது. அது உடம்பில் ஏறினால் விஷம். உனக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்குமா?

நீ போனபோது சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். அவள் மண் தின்றாள். எந்தப் பிள்ளைதான் தின்னவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. முகம் வெளுத்தது. நேற்றுச் சொன்ன சொல்லை இன்று மறந்தாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர், "வீட்டுல பேட்டரி வேலை, பெயிண்ட் வேலை ஏதாச்சும் நடக்குதா?" என்று கேட்டார். அப்பா "இல்ல சார்" என்றார். வாசல்வரை வந்தவர் திரும்பிப் போனார். "என் வீட்டுக்காரி செஞ்சா சார். இப்ப அவ இல்ல" என்றார்.

டாக்டர் சொல்லித்தான் ஒரு கல்லூரியிலிருந்து மேடம் வந்தார்கள். மண்ணை டப்பாக்களில் அள்ளிப் போனார்கள். அடுத்த முறை செடிகளோடு வந்தார்கள். எல்லாம் நம் பக்கத்தில் தானாக வளர்கிற செடிகள். வெட்டிவேர் ஈயத்தை உறிஞ்சி வேரிலேயே வைத்துக்கொள்ளும், மண்ணைப் பறக்கவும் விடாது, துத்தி அதை இலைவரை ஏற்றிக்கொள்ளும் என்றார்கள்.

"எம்புட்டு நாளாகும் மேடம்?" என்றார் அப்பா.

"நாள் கணக்கு இல்லைங்க, வருஷக் கணக்கு. முழுசாப் போயிரும்னும் சொல்ல முடியாது."

"அதுக்குள்ள பிள்ள வளந்துருமே."

மேடம் குனிந்து அடுத்த குழியைத் தோண்டினார்கள். நீ செத்ததும் இதனால்தானா என்று அவர்களிடம் கேட்க நான் பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொரு முறை வரும்போதும் நின்றேன். கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் அந்தப் பாத்திக்குக் காவல். ஆட்டைக்கூட விரட்டிவிடலாம். ஆனால் மண்ணைச் சுத்தம் செய்ய வந்த இரண்டுமே ஊரார் ஆசைப்படுகிற செடிகள் அம்மா. அடுத்த வீட்டுப் பொன்னாத்தா அத்தை துத்தி பறிக்க வந்தார். "மாமாவுக்கு மூலம் பாடாப் படுத்துதுடி. நாலே நாலு எலை." நான் குறுக்கே போய் நின்றேன். வேறொன்றும் முடியவில்லை. "வாயத் தொறந்தா முத்து உதுந்துருமாக்கும்?" என்று முகத்தை வெட்டிக்கொண்டு போனார்.

போன மாதம் முதல் முறையாக வேரைத் தோண்டினோம். வேரை வெட்டி மூட்டை கட்டிவிட்டு, நாற்றைத் திரும்ப நட வேண்டும். வெட்டிய வேரை வேலியோர நிழலில் காயவைத்திருந்தேன். வாசம் தெருவரை போனது. அன்று சின்னவள் ஓடிவந்து என் மடியில் விழுந்தாள்.

"அக்கா, அத்தை வீட்டுப் பானத் தண்ணி அம்புட்டு வாசமா இருக்கு. எனக்கு ரெண்டு டம்ளர் குடுத்தாக."

அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டு ஓடினேன். நின்றது அத்தை வீட்டு அடுப்படியில். பானைக்குள் நம் வேர் துணியில் முடிந்து மிதந்தது. ஊற்றாதீர்கள், குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். பேச்சு வரவில்லை. பானையைத் தள்ளிவிட்டேன்.

"கிறுக்குப் புடிச்சிருச்சாடி ஒனக்கு? வேலிக்கு இங்குட்டுக் கெடந்த ஒரு கை வேருக்கா பானையப் போட்டு ஒடச்ச?"

"ஈயம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"ஈயமா? ஈயச்சொம்புல ரசம் வச்சுக் குடிச்சுத்தான்டி நாங்க கல்லாட்டம் இருக்கோம்!"

அது வெள்ளீயம் அத்தை, இது காரீயம், வேறு. மேடம் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் குனிந்து ஓட்டுச்சில்லைப் பொறுக்கினேன். அப்பா வந்துதான் எல்லாம் சொன்னார். அத்தையின் முகம் மாறியது. தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஒங்க வீட்டு வெசத்த ஒங்க வீட்டோட வச்சுக்கிருங்க" என்றார்.

அப்படித்தான் வைத்திருக்கிறோம். வேர் மூட்டைகள் குளியலறைக்கு மேலே இருக்கின்றன. எரித்தால் புகையில் வரும், புதைத்தால் மண்ணுக்கே போகும். பத்திரமாக அழிக்கிற இடத்துக்குத் தாங்களே எடுத்துப்போவதாக மேடம் சொல்லியிருந்தார்கள். அந்த வேலைக்குக் கொடுத்த காலம் முடிந்து இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள். அப்பா போன் செய்தால், "கேட்டுச் சொல்றேன்ணே" என்கிறார்கள். அவர்கள் குரலும் என் குரலைப் போலச் சிறுத்துவிட்டது. மண்ணிலிருந்த விஷம் மூட்டைக்கு வந்துவிட்டது. இனி அது எங்கே போகும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதவுகள் இப்போது பெயிண்டைச் சுரண்டக் கோட்டையூரில் ஒரு அக்கா வீட்டுக்குப் போகின்றன. அவருக்குக் கைக்குழந்தை. அப்பாதான் கொண்டுபோய் இறக்குகிறார். ஈயத்தைப் பற்றி அங்கே சொன்னாராம். "ஒங்க வீட்டு அக்காவும் செஞ்சதுதான அண்ணே" என்று அந்த அக்கா சிரித்தாராம். "வேற என்ன வேல தெரியும் எனக்கு?" என்று அப்பா என்னிடம் கேட்கிறார். 

அடுத்த வாரம் சின்னவளுக்கு மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும். அந்த இரண்டு டம்ளர் தண்ணீர் அதில் தெரியுமா, தெரியாதா? அவளை உன் கொல்லையில் விடாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்கிறாள்.

இன்று செக்காலைக் கடைத்தெருவுக்குப் போய்க் கீரை வாங்கிவந்தேன். "இது அம்மா தோட்டத்துக் கீரையாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

நாற்றைத் திரும்ப நட்டுவிட்டேன் அம்மா. வேர் முற்ற முற்றத் தோண்டுவேன், நடுவேன். மண் சரியாகிவிட்டது என்று யாராவது அளந்து சொல்கிற வருஷம் உன் பாத்தியில் முளைக்கீரை விதைப்பேன். முதல் பிடி உன் இலைக்கு. அது எந்த வருஷம் என்று மட்டும் கேட்காதே. சின்னவள் அப்போது எப்படி இருப்பாள் என்றும் கேட்காதே. நாளைக்குக் கடைக்கீரைதான். பொறுத்துக்கொண்டு சாப்பிடு.

உன் பாத்திக்குக் காவல் நிற்கும்
உன் மூத்தவள்,
வள்ளிக்கண்ணு