கிளின்ட்டுக்கா, மார்வாவுக்கா

செப்டம்பர் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் வெண்டல் சாப்பிடக்கூட உட்காராமல், வாசல் புல்லில் கிளின்ட் மேப்ரியின் தேர்தல் பலகையை நட்டான்.

"கோணலா இருக்கு" என்றேன்.

"காத்து நேராக்கிடும்" என்றான். கல்யாணமான நாளிலிருந்து இவனை எதையாவது நேராக நட வைக்கப் பார்க்கிறேன்.

எங்கள் தொகுதியிலிருந்து மாநிலச் சட்டசபைக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். கிளின்ட் எங்கள் திருச்சபைப் பிள்ளை. வெண்டலுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த கோடையில், யாரும் கேட்காமலே வந்து எங்கள் தீவனப்புல் முழுவதையும் அறுத்துக் கட்டிக் கொடுத்தவன். வாய்தான் கொஞ்சம் நீளம். பாதியைக் கேட்டு முழுசாகச் சொல்வான். எதிரே மார்வா டீல், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய தலைமை ஆசிரியை. எங்கள் மேட்டுப் பள்ளியை மூடியே தீரவேண்டும் என்று வாதாடி மூட வைத்தவர். "பைபிளைத் தூக்கிட்டு வந்தா கணக்கு வந்துடுமா?" என்று கூட்டத்தில் கேட்டவர்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் நானும் வெண்டலும் சமையலறை மேஜையில் ஜெபித்துவிட்டு ஒரே பேருக்குத்தான் போடுவோம். இந்தத் தடவை ஜெபத்துக்கே வேலையில்லை என்கிறான்.

செப்டம்பர் 27, செவ்வாய்

கர்ப்பிணி உதவி மையத்தில் என் முறை. ஒரு சின்னப் பெண் ஸ்கேன் படத்தை நீட்டி, "மூக்கு எங்கப்பா மாதிரியே இருக்குல்ல?" என்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரைக்கொட்டை அளவு ஒரு வெள்ளை. "அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்றேன். முதலில் வந்தபோது பிள்ளையே வேண்டாம் என்று அழுத பெண் இவள்.

கருவிலிருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் மார்வா டீல் எங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம், கலைப்பதா வேண்டாமா என்பது பெண்ணின் உரிமை என்பவர். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. அவருக்கு என் கை எப்படிப் போகும்?

அக்டோபர் 6, வியாழன்

தபாலில் கிளின்ட்டின் துண்டறிக்கை. பளபளவென்று. "மாணவியோடு ஜெபித்ததற்காக ஆசிரியையை வேலையைவிட்டுத் துரத்தியவர் மார்வா டீல்."

பேர் போடவில்லை. எனக்குப் பேர் தேவையும் இல்லை. மார்வா தலைமை ஆசிரியையாக இருந்த காலத்தில் வருஷ நடுவில் வேலையைவிட்டு நின்ற ஆசிரியை ஒருத்திதான். என் தங்கை ட்ரூடி.

ஜெபித்ததற்காகவா துரத்தினார்கள்! அவள் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனாள். மேஜைமேல் தலைவைத்துத் தூங்கினாள். இது எனக்குத் தெரியும், வெண்டலுக்குத் தெரியும், மார்வாவுக்குத் தெரியும். மார்வாதான் தன் காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போய்க் குடிநோய் விடுதியில் சேர்த்தார். பள்ளிக் குழுவிடம் "சொந்தக் காரணம்" என்று மட்டும் சொன்னார். ட்ரூடி குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. சபையில் குட்டிப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறாள்.

மார்வா இதற்கு என்ன பதில் சொல்லப்போகிறார்? உண்மையைச் சொன்னால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். ட்ரூடி?

அக்டோபர் 7, வெள்ளி

ட்ரூடி போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

சபை வாசலில் கார்கள் நிறுத்தும் இடத்தில் கிளின்ட்டைப் பிடித்தேன்.

"அந்த நோட்டீஸ்ல இருக்கிறது பொய் கிளின்ட்."

"அக்கா, எனக்கு நம்பிக்கையான ஆள் சொன்னது."

"அந்த ஆளை எனக்குக் காட்டு. எனக்குத் தெரியும், அப்படி நடக்கல."

"சரி, அப்போ அந்த டீச்சர் எதுக்குத்தான் வேலையை விட்டாங்க? சொல்லுங்க, இப்பவே நிறுத்திடறேன்."

பத்தடி தள்ளி ட்ரூடி பிள்ளைகளுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? அவன் என் தோளைத் தட்டிவிட்டு, "வீட்டுல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க அக்கா" என்று போய்விட்டான். கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் சுலபம்.

மார்வா இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரிகைக்காரன் கேட்டதற்கு "பணியாளர் விஷயம் வெளியே பேச மாட்டேன்" என்றாராம். எல்லாரும் "பார், ஒப்புக்கொண்டார்" என்கிறார்கள்.

அக்டோபர் 11, செவ்வாய்

ட்ரூடி வீட்டுக்குப் போனேன். துண்டறிக்கையை ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள்.

"இதை எதுக்குடி ஒட்டியிருக்க?"

"நல்லாருக்குல்ல? நான் விசுவாசத்துக்காக உபத்திரவப்பட்டவளாம். வாழ்க்கையிலேயே என்னைப் பத்தி இவ்வளவு நல்லதா யாரும் அச்சடிச்சதில்ல."

சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அக்கா, அவங்களுக்குப் போன் பண்ணினேன். உண்மையைச் சொல்லிடுங்க மிஸ், நான் தாங்கிக்கிறேன்னேன். 'உன் கதை ட்ரூடி, என் பிரசாரத்துக்கு இல்லை'ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டாங்க."

நீ ஒன்றும் சொல்லவேண்டாம், அந்தக் குட்டிப் பிள்ளைகளின் அம்மாக்களை யோசி என்றேன். பயம் எனக்குத்தான். அவள் முகத்தில் நான் பயத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14, வெள்ளி

வெண்டலோடு சண்டை. கிளின்ட்டுக்குப் போட மனசு வரவில்லை என்றேன். "ஒரு பொய்க்காகப் பிள்ளைங்க உயிரை விட்டுக்கொடுப்பியா?" என்கிறான். "அந்தப் பொய்யே ட்ரூடியை வெச்சுத்தான்டா!" என்று கத்தினேன். பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. அதையே இரண்டு தட்டு சாப்பிட்டான், மடையன்.

அக்டோபர் 19, புதன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஜெபக்கூட்டம். சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றார் பாஸ்டர். ஒருவர் முழங்கால் வலி சுகமானதைச் சொன்னார். அப்புறம் ட்ரூடி எழுந்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"அந்த நோட்டீஸ்ல வர்ற டீச்சர் நான்தான். என்னை ஜெபம் பண்ணதுக்காக யாரும் துரத்தல. நான் அப்போ ஜெபமே பண்றதில்ல. குடிச்சுட்டு இருந்தேன். வகுப்பிலேயும். மிஸஸ் டீல் என்னைத் திட்டல. என் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டு, கார்ல உக்கார வெச்சாங்க. இவ்வளவுதான். என் பேரால அவங்கமேல பொய் சொல்றது எனக்குப் பிடிக்கல. உங்க பிள்ளைங்களை இனிமே என் வகுப்புக்கு அனுப்பலன்னா எனக்குக் கோபம் இல்ல."

கிளின்ட் இரண்டாவது வரிசையில் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உட்கார்ந்தே இருந்தேன். வெண்டல் எழுந்தான். என் வெண்டல், அந்தப் பலகையை நட்டவன்! நடந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். பேச வராது அவனுக்கு. சும்மா நின்றான். அப்புறம் ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்து அவளிடம் போனார்கள்.

அக்டோபர் 20, வியாழன்

கிளின்ட் வந்தான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, தெரியாம பண்ணிட்டேன். ட்ரூடிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"அவ மன்னிச்சிருப்பா. மார்வாகிட்ட? சபைக்கு வெளியே, ஊருக்கு?"

"எலெக்ஷன் முடியட்டும். சத்தியமா சொல்லிடறேன். இப்போ சொன்னா தோத்துடுவேன் அக்கா. நான் தோத்தா அந்தப் பிள்ளைங்களுக்காகச் சட்டசபையில யார் பேசுவா?"

காப்பி கொடுத்தேன். அவன் அம்மா இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பாள். அவனும் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

நவம்பர் 6, ஞாயிறு

சமையலறை மேஜையில் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தோம். ஆமென் சொன்ன பிறகும் இரண்டு பேரும் அவரவர் பக்கமே இருந்தோம். கர்த்தர் எங்கள் இருவரில் ஒருவர் பேச்சையாவது கேட்டிருப்பார். கையை மட்டும் அவன் விடவில்லை.

நவம்பர் 8, செவ்வாய்

எங்கள் சபைக் கூடத்திலேயே வாக்குச்சாவடி. ட்ரூடியின் பிள்ளைகள் வரைந்த நோவாவின் பேழைக்குக் கீழே நின்று ஓட்டுப் போட்டேன்.

பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அந்த ஸ்கேன் படத்தை நினைத்தேன். அந்த விஷயத்தில் நான் மாறவில்லை, மாறவும் மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, என்றைக்காவது விழுந்து கிடந்தால்? அதன் செருப்பைத் தேடிப் போட்டுவிடுகிறவர் யார்? பொய் என்று தெரிந்த பிறகும் தேர்தல்வரை உண்மையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவன் யார்?

மார்வா டீல் பேருக்கு எதிரே இருந்த வட்டத்தைப் பேனாவால் நிரப்பினேன். சரியா? தெரியவில்லை. தெரியாமலேதான் நிரப்பினேன்.

காரில் வெண்டலிடம் சொன்னேன். அவன் கிளின்ட்டுக்குப் போட்டிருந்தான். வீட்டுக்குத் திரும்பாமல் மீன் சாப்பாட்டுக்கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போனா ரெண்டு பேரும் பேசாம சாப்பிடுவோம். இங்க நாலு பேர் இருப்பாங்க, பேசித்தான் ஆகணும்."

கெளுத்தி வறுவலில் தன் பங்குப் பெரிய துண்டை என் தட்டில் வைத்தான்.

நவம்பர் 9, புதன்

கிளின்ட் ஜெயித்தான்.

நவம்பர் 13, ஞாயிறு

கிளின்ட் சபைக்கு முன்னால் நின்று, துண்டறிக்கை பொய், தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று சொன்னான். நாளைப் பத்திரிகையிலும் வருமாம். ஜெயித்தபின் சொல்வது லேசு. இருந்தாலும் சொன்னான். குரல் உடைந்தபோது எனக்கு அவனைப் போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது, போய்க் கட்டிக்கொண்டேன்.

ட்ரூடியின் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் குறைவு.

நவம்பர் 26, சனி

வியாழக்கிழமை நன்றி கூறும் திருநாளுக்குச் சுட்ட வான்கோழியின் மிச்சத்தைச் சாப்பிட ட்ரூடி வந்தாள். கூடவே மார்வா டீலையும் கூட்டிவந்தாள். வெண்டல் போய்ச் சுத்தமான சட்டை மாற்றிக்கொண்டு வந்தான்.

ஜெபம் செய்யும்போது மார்வா கண்ணை மூடவில்லை, ஆனால் தலையைக் குனிந்திருந்தார். (நானும் கண்ணை மூடவில்லை போலும்.)

பூசணி இனிப்பை வெட்டும்போது மார்வா பட்டென்று கேட்டார்: "நீங்க எனக்கா ஓட்டுப் போட்டீங்க?"

"ஆமா. ஆனா மேட்டுப் பள்ளியை மூடினது தப்பு. பிள்ளைங்க விஷயத்துல நீங்க சொல்றது அதைவிடத் தப்பு."

"அப்போ நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இருட்டும்வரை பேசினோம். ஒன்றில்கூட ஒத்துப்போகவில்லை. ஒரு தடவை நான் அழுதேன், ஒரு தடவை அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். ட்ரூடியும் வெண்டலும் பாத்திரம் கழுவிக்கொண்டே எங்களைப் பற்றிக் குசுகுசுவென்று சிரித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. நான் ரொட்டி கொண்டுபோகிறேன்.