பல்லுக்குள் ஒரு கல்

ஜனவரி 19, ஞாயிறு

இவரை ரயிலேற்றிவிட்டு வந்தாயிற்று. பொங்கலுக்கு வந்தவர் பொங்கலோடு போய்விட்டார். ஆவடித் தொழிற்சாலையிலிருந்து தெலங்கானாவில் இருக்கும் மேடக்குக்கு மாற்றல். நிவேதிதா பிளஸ் டூ முடிக்கும்வரை நானும் அவளும் இந்தக் குவார்ட்டர்ஸில், அவர் அங்கே மெஸ் சாப்பாட்டில்.

இந்த லீவில் உருப்படியாகச் செய்தது, இரண்டு பேரும் பல் டாக்டரிடம் போனதுதான். அதுவும் இவர் கரும்பை நறுக்க விடாமல் அப்படியே கடித்து ஈறைக் கிழித்துக்கொண்டதால். "முப்பத்திரண்டும் சொந்தப் பல்லு, யாருக்கு வரும்?" என்று அந்த வலியிலும் பெருமை. துணைக்குப் போன என்னையும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு முழுவாய் எக்ஸ்ரே.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவர் துண்டை இன்னும் துவைக்கப் போடவில்லை. நாளைக்கும் போடுவதாக இல்லை.

ஜனவரி 23, வியாழன்

பல் சுத்தம் செய்யப் போனேன். டாக்டர் லாவண்யா சின்னப் பெண்தான், ஆனால் பொறுமைசாலி. வேலை முடிந்ததும், சார் ஊருக்குப் போய்விட்டாரா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் இவர் பேரை, மனோகரன் என்று தட்டி, படத்தைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பற்களில், பல்லுக்குள் நரம்பு இருக்கும் இடத்தில், அரிசி நொய் மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கல்லாம். உள்ளே சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறதாம். பல்லுக்கு ஆபத்தில்லை, வயது ஏறினால் நிறையப் பேருக்கு வரும் என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அப்போதுதான் மெதுவாக ஆரம்பித்தார். இதயத்து ரத்தக்குழாயில் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கல் கொஞ்சம் அதிகமாகத் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். அப்படியொன்றும் இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டாம். எதுவும் முடிவாகவில்லை.

"பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா இத்தனை பல்லுல இருக்கு. ஒருதடவை ஹார்ட்டைப் பாத்துடச் சொல்லுங்க."

பயப்படாதே என்று சொன்னபிறகு பயப்படாதவர் யார்? படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

சொன்னேன். போனில் இவர் சிரிக்கிறார். பல்லில் கல் இருந்தால் நெஞ்சைப் பார்க்க வேண்டுமாம், நாளைக்குக் காலில் முள் குத்தினால் கண்ணைப் பார்க்கச் சொல்வேனாம். படத்தை அனுப்பினேன். கட்டைவிரல் காட்டிப் பதில் வந்தது. அவ்வளவுதான்.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியாதா? கிரேன் ஓட்டுபவர். நெஞ்சென்று பேச்செடுத்தாலே கீழே இறக்கி உட்காரவைத்துவிடுவார்கள் என்ற பயம். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவரை இங்கிருந்து நினைத்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை.

பிப்ரவரி 2, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். தினமும் அந்த எக்ஸ்ரேயைத் திறந்து பார்க்கிறேன். கல்யாண போட்டோ இருக்கிறது, போன வருஷம் திருவேற்காடு கோயிலில் எடுத்தது இருக்கிறது. அதெல்லாம் எல்லாரும் பார்க்கிற முகம். இது உள்ளே இருப்பது. தாடை எலும்பு, பல் வேர், அந்தக் கல். விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இந்த வாய்தானே என் குழம்பில் உப்பில்லை என்று சொல்லும் என்று தோன்றுகிறது, உடனே கண் கலங்கிவிடுகிறது. உப்பில்லை என்று யாராவது சொன்னால் தேவலை.

பிப்ரவரி 14, வெள்ளி

டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். போனை வைத்துவிட்டேன். பிறகு நானே கூப்பிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

நிவேதிதாவுக்குப் பரீட்சை நடக்கிறது. வீட்டில் சத்தம் போடக்கூடாது, அழக்கூடாது, மிக்ஸி ஓடக்கூடாது. கீழ்வீட்டுக் கன்னியம்மாளோடு பருத்திப்பட்டு ஏரிக்கு நடக்கப் போனேன். முன்பெல்லாம் முழுச் சுற்று வருவோம், இன்று பாதியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சுதா, இப்டி மூச்சு வாங்குது? ஊட்டுக்காரர நென்ச்சிக்கினே நடந்தா இப்டித்தான்."

சிரித்தேன். அவள் சொன்னது பொய்யில்லை. சுகர் மாத்திரையைக்கூட இரண்டு நாள் மறந்திருக்கிறேன். கவலை மனுஷியை இப்படியா படுத்தும்? மாடிப்படி ஏறினாலே நெஞ்சை அடைக்கிறது. அவரை நினைத்துத்தான்.

மார்ச் 20, வியாழன்

போன வாரம் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். "நீங்க போகலன்னா நான் கிளம்பி அங்க வந்துடுவேன், பாத்துக்கங்க."

"வந்துடேன் சுதா" என்றார். அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை நாளாயிற்று. பரீட்சை நடக்கும்போது எப்படிப் போவேன்? இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்காகவே போயிருக்கிறார். ஈசிஜி, எக்கோ, நடக்கவிட்டுப் பார்க்கிற டெஸ்ட், எல்லாமே நன்றாக இருக்கிறதாம். டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். கருமாரி, உனக்கு மாவிளக்கு.

எல்லாம் சரி. இனிமேல் தினம் நாலு தடவை கூப்பிட என்ன சாக்குச் சொல்வேன்?

ஏப்ரல் 7, திங்கள்

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

கடைவாய்ப் பல் வலி தாங்காமல் லாவண்யாவிடம் போனேன். என் எக்ஸ்ரேயைத் தேடினார். சுதா என்ற பெயரில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கே எடுத்தார்களே என்றேன். மனோகரன் என்று போட்டுப் பார்த்தார். இரண்டு படங்கள். இதுவரை ஒன்றைத்தான் திறந்திருக்கிறார். இன்னொன்றைத் திரும்ப எடுத்தது என்று நினைத்தாராம்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் முப்பத்திரண்டு பல்லும் வரிசையாக. இன்னொன்றில் கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. நிவேதிதா கைக்குழந்தையாக இருந்தபோது தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் பிடுங்கிய பல். என் பல். கல் இருந்தது அந்தப் படத்தில்.

வேறு யார் செய்தது? நானேதான். கேஸ், ரேஷன், ஆஸ்பத்திரி, எந்த ஜன்னலில் "பேர்?" என்று கேட்டாலும் இந்தக் குவார்ட்டர்ஸ் பெண்கள் வாயில் புருஷன் பேர்தான் வரும். வீட்டில் ஒருநாளும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜன்னலில் மட்டும் தாராளமாகச் சொல்வோம். அன்றும் பல் ஆஸ்பத்திரி வாசலில் பேர் பதிகிற பெண் கேட்டாள். அவருக்கும் மனோகரன் என்றேன், எனக்கும் மனோகரன் என்றேன்.

இத்தனை நாள் என் மண்டையோட்டையே பார்த்து உருகியிருக்கிறேன்.

லாவண்யா சிரிக்கவில்லை. "உங்களுக்கு மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 9, புதன்

லாவண்யா அனுப்பிய ஆஸ்பத்திரியில், என்னை நடக்கவிட்ட டெஸ்ட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அடைப்பு இருக்கும்போலத் தெரிகிறதாம், வெள்ளிக்கிழமை ஆஞ்சியோ. அவருக்குச் சொன்னேன். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். பின்னால் கிரேன் மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்பிட்டியா?" என்றார். பிறகு, "கிளம்பறேன்."

தன் நெஞ்சுக்கு இரண்டு மாதம் கெஞ்சவைத்த மனுஷன்.

ஏப்ரல் 16, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பல்லில் இருந்த கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமா என்று இதய டாக்டரைக் கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, சுகர் இருக்கிறவர் மூச்சு வாங்கிய அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்று திட்டினார். திட்டட்டும்.

இவர் லீவை நீட்டி எழுதிப் போட்டிருக்கிறார். நிவேதிதாவுக்கு ரிசல்ட் வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து மேடக் போவதாகப் பேச்சு. அங்கே கீழ்த்தளத்தில் வீடு கேட்கப்போகிறாராம்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை வார்டு வாசல் பெஞ்சை விட்டு நகரவில்லை. நர்ஸ் எட்டிப் பார்த்து, சுதாவோட ஆளு யாரு என்று கேட்கும்போதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். கூடத் தங்குகிறவருக்குக் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை தருகிறார்கள். அதில் நோயாளி பேர் மட்டும்தான் இருக்கும். அதைத் திருப்பிக் கொடுக்காமலே ஆட்டோவில் ஏறி வந்துவிட்டார்.

படிக்கட்டருகே கன்னியம்மாள் நின்றிருந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, அவரிடம் திரும்பினாள்.

"இன்னா அண்ணாத்தே, கயுத்துல இன்னாது?"

குனிந்து பார்த்தார். சுதா என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"என் பேரு" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி மேலே கூட்டிவந்தார். இதை எழுதும்போது அடுப்படியிலிருந்து அவர் வைத்த சாதம் குழைந்த வாசனை வருகிறது. குழம்பில் உப்பு குறைவாகத்தான் இருக்கும், டாக்டர் சொல்லியிருக்கிறார். அட்டையை இன்னும் அவர் கழற்றவில்லை.