சீனியின் நாலாவது கால்

ஓகஸ்ட் 14, வியாழன்

நாளைக் காலை ஹோட்டல்காரர் சீனியை வாங்க வருகிறார். ஆலங்குடாக் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகளைச் சுமந்து திரிந்த மட்டக்குதிரை. லாடம் அடித்ததில்லை. மணலிலேயே நடப்பதால் குளம்பு தேய்வதுமில்லை. நான்தான் குனிந்து சீவி, அரத்தால் ராவிவிட வேண்டும். இந்த முதுகோடு இனி முடியாது. அதனால்தான் விற்கிறேன். வேறு காரணம் இல்லை.

கொடுப்பதை ஒழுங்காகக் கொடுப்போம் என்று அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம், சீவத் தொடங்கினேன். மூன்று காலைத் தந்தாள். ஒரு பின்னங்காலை மட்டும் மணலில் ஊன்றிக்கொண்டு தரவே மாட்டேன் என்றாள். தட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் ஏசினேன். முழுப் பாரத்தையும் என் தோளில் சாய்த்துவிட்டு நின்றாள். காற்று வேறு மணலை அள்ளிக் கண்ணுக்குள் போட்டது.

"விடுங்களேன். அவருக்கிட்ட ஆக்கள் இருப்பாங்க, சீவிக்குவாங்க," என்றாள் மனைவி.

"ஒரு கால் நீளமா நிக்கிற குதிரையக் குடுக்கிறதா? சீவி முடிச்சாத்தான் குடுப்பேன்," என்று கத்திவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டுத் தண்ணீர் வைக்கப் போனேன். வாளியை வைத்து நிமிர்வதற்குள் சீனி அந்தக் காலைத் தானாகவே தூக்கித் தந்தாள். அரம் பக்கத்துத் தென்னையில்தான் தொங்கியது. காலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு மெல்லக் கீழே விட்டேன்.

உள்ளே வந்ததும், "கால் தந்திச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல," என்றேன்.