ஒத்தாசைக்குக் கட்டம் இல்லை

ஏனுங்க,

ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானைப் போட உங்களுக்குத் தெரிந்திருந்தும், எதற்காகத் தினமும் காலையில் என் முன்னால் வந்து நின்றீர்கள்? எனக்குப் பதில் தெரியாது. உங்களிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இது என்று தெரிந்தபோது நீங்கள் இல்லை.

போன வாரம் சாமுவேல் வந்திருந்தார். துணியை உருளையில் விட்டு அழுத்துகிற காலண்டர் மிஷினில் உங்கள் ஷிப்டை இப்போது அவர்தான் பார்க்கிறார். உருளைக்கு முன்னால் தடுப்புக் கம்பி வைத்துவிட்டார்களாம். துணியோடு சேர்த்து உங்கள் வலது கையை அந்த உருளை இழுத்த அன்று அது இல்லை.

எனக்கு ஒரு ஃபெல்லோஷிப் கிடைக்கலாம் என்று அவரிடம் சொன்னேன்.

"சந்தோசம்க்கா. எந்தச் சபைல?"

அவருக்கு ஃபெல்லோஷிப் என்றால் ஜெபக்கூட்டம். சபை இல்லை, ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பணம் என்று விளக்கினேன்.

"அப்படிச் சொல்லுங்க. நீங்க மனந்திரும்பிட்டியளோன்னுல்லா பாத்தேன்!" என்று சிரித்தார்.

உங்களுக்கும் விளக்க வேண்டும். ஊனமுற்றவர்களின் வாழ்க்கையையும் மறுவாழ்வையும் பற்றித் தனியாக ஆராய்கிறவர்களுக்கு ஓராண்டு தரும் நிதி இது. இதுவரை எங்கே விண்ணப்பித்தாலும், எந்த நிறுவனம், எந்த மருத்துவமனை என்றுதான் முதலில் கேட்டார்கள். இதைத் தனி ஆளுக்கே தருகிறார்கள். மிஷினில் கை போனவர்கள் வீடு திரும்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் நான் கொடுத்திருக்கும் பொருள். நிதி கிடைத்தால் கல்லூரியில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். ஐம்பது வயதுக்கு மேல் தரமாட்டார்கள் என்பதால் எனக்கு இது கடைசி வாய்ப்பு. நாளைக்குக் கோயம்புத்தூரில் நேர்முகம்.

சாமுவேல் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "எல்லாரும் அண்ணாச்சி மாதிரி பழகிக்கிடுவாவளா? ஒத்தக் கையிலயே பொத்தான டக்கு டக்குன்னு மாட்டிருவாவல்லா."

"எங்கீங்க?"

"கம்பெனிலதான், கை போயி வேலைக்குத் திரும்புன பொறவு. சாயங்காலம் வேலைச் சட்டையக் கழத்திட்டு, வெள்ளச் சட்டைய மாட்டிட்டுத்தான வீட்டுக்குக் கெளம்புவாவ?"

அங்கே யாராவது மாட்டிவிடுகிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். காபியைச் சூடு பண்ணுகிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

உங்கள் தங்கை ஒரு கட்டு எக்ஸ்போர்ட் டீ-சர்ட் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? "இதுல பொத்தானே இல்லீங்ண்ணா. தலைல மாட்டுனா முடிஞ்சுது" என்றாள். "அது கப்பல்ல அனுப்பறதுக்குக் கண்ணு, போட்டுக்கறதுக்கில்ல" என்று நீங்கள் ஒதுக்கி வைத்தீர்கள். பனியன் தைத்தே பிழைக்கிற ஊரில் இவர் ஒருவருக்குப் பனியன் ஆகாதா என்று எனக்குக்கூட எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மறுவாழ்வுப் பிரிவில் படிவம் நிரப்பிய இளைஞர் கேட்டதையும் யோசிக்கிறேன். சட்டை போட உதவி வேண்டுமா, வேண்டாமா என்றார்.

"ஒத்தாசைங்க" என்றீர்கள்.

"அப்படின்னா உதவிதானுங்களே?"

"இல்லீங்க. உதவீன்னா வெளியாளுகிட்டக் கேக்கறதுங்க. இது எங்கூட்டுல நடக்கறது."

அவரிடம் ஒத்தாசைக்குக் கட்டம் இல்லை. 'பிறரைச் சார்ந்தவர்' என்ற கட்டத்தில் குறி போட்டார். வீம்புக்குப் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது அந்தச் சொல்லைத்தான் என் ஆய்வின் தலைப்பில் வைத்திருக்கிறேன். அதற்குச் சரியான ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை. கல்லூரி நூலகத்தில் ஒரு வாரம் தேடினேன்.

நீங்கள் ஏன் வந்து நின்றீர்கள் என்பதற்கு அன்பு என்று நானே பதில் எழுதிக்கொள்ளலாம். ஆதாரம் இல்லை. காலை அவசரத்தில் இடது கை போதாமல் இருந்திருக்கலாம். சோம்பலாகவும் இருந்திருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். நாம் இரண்டு பேரும் அதிகம் பேசுகிறவர்கள் அல்ல. பால்காரர், கரண்ட் பில், உங்கள் அம்மாவின் கண் ஆபரேஷன், எல்லாவற்றையும் மேல் பொத்தானுக்கும் கீழ்ப் பொத்தானுக்கும் நடுவில்தான் பேசி முடித்தோம். இப்போது காலையில் அந்த நேரம் வந்தால் கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை. சில நாள் குழாயைத் திறந்து சும்மா கை கழுவுகிறேன்.

திருப்பூர் மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது தெரியுமா? நல்லூரிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போக மட்டும் அதே நேரம்தான் ஆகிறது. எதிர் மாடியில் ஒடிசாப் பையன்கள் குடிவந்திருக்கிறார்கள். அவர்கள் பேசுவதில் எனக்கு "ஓவர்டைம்" மட்டும் புரிகிறது. இதையெல்லாம் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

நாளைக்கு அவர்கள் என்ன கேட்டாலும் உங்களை நடுவில் இழுக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. மருத்துவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது "பாவம்" என்று யாராவது சொன்னால் உங்கள் முகம் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். விதவை அழுதாள், கொடுத்தார்கள் என்று ஆகக்கூடாது. கேள்வி நல்ல கேள்வியாக இருந்தால் கொடுக்கட்டும்.

என்றும் உங்கள்
ஊட்டுக்காரி

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

குழுவில் நான்கு பேர் இருந்தார்கள். பெயர் சொல்லாமல், ஒரு தொழிலாளி என்று மட்டும் உங்களைப் பற்றிச் சொன்னேன். எலும்பு மருத்துவர் ஒருவர் கவனமாகக் கேட்டார். "அவரால் முடிந்திருக்கிறது. வீட்டில் செய்யவில்லை. இதை நாங்கள் ஊக்கக் குறைவு என்போம். இதில் ஆராய என்ன இருக்கிறது?"

அதுவரை நல்ல ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள், "ஊக்கம் கொறஞ்ச ஆளில்லீங்க அவரு. எங்கூட்டுக்காரருங்க" என்றேன்.

தலைவராக இருந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். மருத்துவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அளப்பது எப்படி, எத்தனை வீடுகள் என்று நான் தயாராகப் போயிருந்த எதையும் அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குக் கூப்பிட்டு, தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார்கள். கேள்விக்காகவா, உங்களுக்காகவா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவிநாசி வழியாகத் திருப்பூர் போகும் பஸ்ஸில் ஏறினேன்.