கோப்பியில் நனைத்த பிஸ்கட்

11.1.1987, ஞாயிறு
இத்தாலியிலிருந்து என் வீட்டுக்காரரின் கடிதம். இவர் போய் மூன்று வருடம். நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் திராமிசு என்ற அந்த ஊர் இனிப்பைப் பற்றி. கோப்பியில் நனைத்த பிஸ்கட் ஓர் அடுக்கு, முட்டையும் பாலாடையும் அடித்த கிறீம் ஓர் அடுக்கு, இப்படியே மாற்றி மாற்றி. மேலே கொக்கோத் தூள். ‘நான் வேலை செய்யும் வீட்டில் சமையல் என் பொறுப்பில். இதைப் பழகினால் உன்னையும் வேலைக்கு எடுப்பார்கள். மார்ச்சில் வந்து கூட்டிப்போகிறேன். அதற்குள் பள்ளிக்கூட வேலையை விட்டுவிடு.’

பத்து வருடம் படிப்பித்த வேலை. ஒரே வரியில் விடச் சொல்கிறார்!

18.1.1987
நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெரு முழுக்க அலைந்தும் நல்ல கோப்பி இல்லை. இவரைப் பெற்ற மாமி சொன்னார்: “தேயிலத் தோட்டத்துல இருந்துகிட்டு எதுக்கு புள்ள கோப்பிக்கு அலையிற? தேயிலச் சாயத்த ஊத்து.”

ஊற்றினேன். பிஸ்கட் கரைந்து கஞ்சியாகிவிட்டது. என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

10.2.1987
சாயம் ஊற்றியதை எழுதியதற்குப் பதில் வந்தது. ‘தேத்தண்ணீரா? வெட்கம்! கிறீமும் இறுக்கமாக இருக்க வேண்டும். தட்டில் காய்ந்தால் சுரண்டி எடுக்க உயிர் போகும்.’

சமைக்கிறவருக்குத் தட்டுச் சுரண்டுகிற கவலை எதற்கு?

15.2.1987
எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். ஆறு முட்டை. ஒரே புளிப்பு.

“பச்ச முட்டையா? ஆத்தாடி, நீயே தின்னு!” என்று மாமி கோப்பையைத் தள்ளினார். கத்திவிட்டேன். பிறகு குசினியில் நின்று அழுதேன். இருக்கிற வேலையையும் விட்டு, இதுவும் வராமல், அங்கே போய் யார் காலில் விழுவேன்? — போகத்தான் வேண்டுமா?

7.3.1987, சனி
வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். கண்டியிலிருந்து கோப்பி வாங்கிவரச் செய்து, காலையிலேயே செய்து வைத்திருந்தேன். அடுக்கு ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு வாய் சாப்பிட்டார்.

“நல்லா இல்லைங்களா?”

“தெரியல பெற்றீசியா. இத நான் தின்னதே இல்ல.”

“சமையல் ஒங்க பொறுப்புன்னு எழுதுனீங்களே?”

“தட்டுக் கழுவுறேன். சமைக்கிறது வேற ஆளு. எழுத மனசு வரல.”

மூன்று வருடமாகப் பொய் எழுதியிருக்கிறார்! தட்டைப் பிடுங்கினேன். அவர் கைகளைப் பார்த்தேன். சோப்பில் ஊறி, தோல் வெடித்திருந்தது. தட்டைத் திருப்பிக் கொடுத்து, நானே இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.

9.3.1987, திங்கள்
பள்ளிக்கூடம் போனேன். “வேலைய மட்டும் விட்டுறாத” என்று இவரே விடியலில் எழுந்து சோறு கட்டித் தந்தார். சோறு குழைந்து, உப்பும் இல்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.