சத்தம் காட்டாத பிள்ளை

அம்மா,

இன்று காலை இவருடைய சாறத்தைத் துவைக்க எடுத்தேன். மண்ணெண்ணெய் வாடையும் மீன் செதில் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின. கிணற்றடியில் நான் தனியே. இருந்தும் பின்னால் திரும்பிப் பார்த்தேன், அப்பா கடலால் வந்து படலையைத் திறக்கிறாரோ என்று. அவர் போய் எத்தனையோ வருசம். நீங்களும் போய்விட்டீர்கள். என் உடம்புக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அப்பா எங்களை அடித்தவர் இல்லை. அதனால்தான் இதை ஆருக்கும் விளங்கப்படுத்த முடிவதில்லை. ஒரு நாள் அவர் மடியில் எங்களுக்குத் தோடம்பழ இனிப்பு இருக்கும். இன்னொரு நாள் சோத்துக் கோப்பை முற்றத்தில் போய் விழும். எந்த நாள் எது என்று உங்களுக்கு மட்டும் முன்னரே தெரிந்துவிடும். தோளில் கொண்டுவந்த போட் இஞ்சினை அவர் மெல்ல இறக்கினால் உங்கள் முகம் இளகும். தொப்பென்று போட்டால் "உஸ்" என்று உங்கள் விரல் வாய்க்குப் போகும். தம்பி பள்ளிக் கொப்பிக்குள் தலையை விடுவான். நான் குசினிக்குள் மறைவேன். சண்டைக் காலத்தில் ஆமி றோந்து வந்தபோது அதே விரல் எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

கஞ்சிப்பானை சரிந்து என் கால் வெந்த நாள் நினைவிருக்கிறதா? அப்பா உள்ளே படுத்திருந்தார். நீங்கள் ஓடிவந்து என் வாயை உங்கள் நெஞ்சோடு அமத்திப் பிடித்தீர்கள். "என்ரை ராசாத்தி, சத்தம் காட்டாதை, அப்பா எழும்பீடுவார்." உங்கள் கண்ணீர் என் உச்சியில் விழுந்தது. பிறகு கோயில் வாசலில் கண்ட சனத்துக்கெல்லாம் சொன்னீர்கள், "என்ரை பிள்ளை ஒரு சத்தம் காட்டேல்லை." எனக்கு அது பெரிய பெருமை. அப்பா எழும்பியிருந்தால் என்ன செய்திருப்பார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபித்திருப்பாரோ, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாரோ.

உங்கள் மருமகன் குரல் உயர்த்தாத மனிசன். உங்களுக்கே தெரியும். ஆனால் இவர் படலையில் கை வைக்கும்போது என் விரல் தானாக வாய்க்குப் போகிறது. மகள் பிறந்த நாள் தொடக்கம் போயிருக்கிறது போல. நான் யோசித்துச் செய்ததில்லை. அவளுக்கு இப்போது ஆறு வயது. தகப்பன் வந்தால் பாவைப்பிள்ளையை எடுத்துக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போய்விடுவாள். "நல்ல அடக்கமான பிள்ளை" என்று முன்பள்ளி ரீச்சர் சொன்னபோது மாதாவுக்கு நன்றி சொன்னவள் நான்.

போன மாதம் காற்றுக் கடுமையாக இருந்து போட் ஒன்றும் இறங்கவில்லை. இவர் அந்தக் கிழமை முழுக்க வீட்டில் நின்றார். அந்தக் கிழமைதான் மகளின் குதிக்காலில் உடைமுள் ஏறி உள்ளேயே முறிந்திருக்கிறது. நுனிக்காலில் நடந்தாள். "என்ன பிள்ளை நடை இது?" என்று கேட்டதற்கு, "கொக்கு விளையாட்டு அம்மா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டில் அரிசி எத்தனை சுண்டு மிச்சம் என்று நித்திரையிலும் சொல்லக்கூடிய எனக்கு, பெற்ற பிள்ளையின் கால் பழுத்துக்கொண்டிருப்பது தெரியவில்லை. காய்ச்சல் ஏறி, கணுக்கால் சிவந்து வீங்கிய பிறகுதான் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

தாதி மிஸி காலைக் கீறிச் சீழ் எடுத்தா. என்னால் பார்க்க முடியவில்லை. "அருள் நிறைந்த மரியே" செபம் பாதியில் அறுந்து அறுந்து போனது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். ஒரு முனகல் இல்லை. அடுத்த கட்டிலில் ஒரு பெடியன் ஊசியைக் கண்டே ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் எங்களைப் பார்த்து, "உங்கடை பிள்ளையை எனக்கு ஒருக்காக் கடன் தாங்கோவன், இவனைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மிஸி சொன்னா, "கெட்டிக்காரி! ஒரு சத்தம் காட்டேல்லையே."

அம்மா, உங்கள் சொல் அப்படியே வேறொரு வாயால் வந்தது.

கட்டுப் போட்டபின் இவர் குனிந்து மெதுவாகக் கேட்டார், "ஏன் மகள், முள்ளுக் குத்தினதை அம்மாட்டைச் சொல்லேல்லை?"

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். "அப்பா வீட்டை நிண்டவர்."

மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். கேட்ட தகப்பனுக்கே, வேறு ஆரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போல.

இவர் என்னை வெளியே கூப்பிட்டு வாங்கில் இருத்தினார். "நான் எப்பவாவது அவளுக்குக் கை நீட்டினனானா?"

"இல்லை."

"உனக்கு?"

"இல்லை."

"பின்னை ஏன் நான் படலையைத் திறக்க வீடு செத்தவீடு மாதிரிப் போகுது?" கண்ணைத் துடைத்தார். "நான் வேறை ஆரோ எண்டு நினைச்சுப் பயப்பிடுறியள் இரண்டு பேரும்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், மிச்சமெல்லாம் நானாகத் தேடி வாசித்ததுதான். பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். என் முகத்தை என் பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒன்றிலும் நான் காணவில்லை.

கால் ஆறிவிடும் என்று டொக்டர் சொன்னார். என் பயம் காலைப் பற்றி அல்ல. நாளைக்கு அவள் வளர்ந்து, பள்ளியிலோ வழியிலோ ஆராவது அவளுக்கு ஒரு தீங்கு செய்தால், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கொக்கு விளையாட்டு என்று சொல்வாளா? செபமாலை சொல்லும்போதும் அதே நினைப்பு. மடு மாதாவிடம் வேறொன்றும் கேட்கத் தோன்றுவதில்லை.

வீட்டுக்கு வந்தபின் புண்ணுக்கு மருந்து கட்டுவது இவர்தான். மகள் ஒவ்வொரு நாளும் காலை நீட்டிவிட்டு, தகப்பனைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்ப்பாள். என்ன முகம் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா. சிரித்தால் அவளும் சிரிக்கிறாள். அதுவும் பயத்தில் சிரிக்கிற சிரிப்பு. அதனால் இன்று மத்தியானம் நான் எழும்பி வெளியே வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு வேலியைப் பார்த்தபடி நின்றேன். அவள் பார்ப்பதற்கு என் முகம் அங்கே இல்லை.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு சின்ன விசும்பல். பிறகு, "அப்பா, நோகுது! விடுங்கோ, நோகுது!" வீடே அதிரக் கத்தினாள். பக்கத்து வளவுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, ஆரைக் கொல்லுறியள்?" என்றாள்.

ஏதோ ஒன்று உடையப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றும் உடையவில்லை. "கத்து மகள், நல்லாக் கத்து, அப்பா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்று இவருடைய குரல் வந்தது. உள்ளே ஓடிப்போய் அவளை நெஞ்சோடு அணைத்து அந்தச் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும் போல என் கை இரண்டும் துடித்தன. நான் போகவில்லை. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. இந்த நடுக்கம் உங்களிடமிருந்து எனக்கு வந்தது. நான் சாகும் வரைக்கும் இது என்னோடு இருக்கட்டும், அம்மா. என்னைத் தாண்டிப் போக வேண்டாம்.