புனே போய் வந்த சனிக்கிழமை

புனே ஜெயில்
4 ஜனவரி 2025

அன்பு மகள் சஃப்ரீனுக்கு வாப்பா எழுதுவது. அல்லாஹ் உன்னையும் உம்மாவையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

காலேஜிலிருந்து புனேயைச் சுற்றிக்காட்ட ஒரு நாள் கூட்டிவருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. மும்பையில் இடமில்லை என்று என்னை இங்கே மாற்றிய பிறகு உம்மா மட்டும்தான் வந்து போகிறாள். உன் முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது மக்கா. கடைவீதியிலிருந்து ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் வந்துவிடலாம். ஆதார் கார்டை மறந்துவிடாதே. மத்தியானம் வரைதான் பார்க்க விடுவார்கள். வாசலில் என் பெயரைக் கூப்பிடும்போது கையைத் தூக்கு, போதும்.

இங்கே சோறெல்லாம் கல். முதுகுவலி குறையவில்லை. தீயில் தப்பிய தையல் மெஷின்களுக்கு எண்ணெய் போடச் சொன்னேனே, உம்மா போட்டாளா? நீ வராமலிருந்துவிட்டால் எனக்குத் தாங்காது.

உன் வாப்பா
அபுதாஹிர்

தாராவி
12 ஜனவரி 2025

பிரியமுள்ள வாப்பாவுக்கு,

இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை வருகிறோம். சனிவார் வாடா கோட்டையைப் பார்த்துவிட்டுத் துளசி பாக் கடைகளுக்குப் போவதாகத் திட்டம். எல்லோரும் பேரம் பேசுகிற நேரத்தில் நழுவி வந்துவிடுவேன். என்னோடு படிக்கும் வந்தனாவிடம் நீங்கள் துபாயில் இருப்பதாகத்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

மெஷினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. நம் ஒர்க்‌ஷாப் தீயில் செத்துப்போன தமிழ்செல்வன் அண்ணனின் அம்மா தினமும் நம் சந்து வழியாகத்தான் தண்ணீருக்குப் போகிறார். என்னைப் பார்த்தால் நின்றுவிடுகிறார்.

உங்கள் மகள்
சஃப்ரீன்

புனே ஜெயில்
26 ஜனவரி 2025

அன்பு மகளுக்கு,

நேற்று விடிந்ததுமே குளித்து, துவைத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருக்கிறவன், "என்ன பாய், மாப்பிள்ளை மாதிரி இருக்கீரு?" என்று கேலி செய்தான். நேரம் முடிந்துவிட்டது என்று மணியடித்த பிறகும் எழுந்திருக்க மனசு வரவில்லை.

ரயில் லேட்டா? டீச்சர் விடவில்லையா? கோபமில்லை மக்கா. காரணத்தை மட்டும் எழுது.

வாப்பா

தாராவி
3 பிப்ரவரி 2025

வாப்பாவுக்கு,

நான் வந்தேன். வாசலில், வரிசையில் நின்றேன். போலீஸ்காரர் "அபுதாஹிர் கா கோன் ஹை?" என்று உங்களைப் பார்க்க வந்த ஆளை மூன்று தடவை கூப்பிட்டார். நான் கை தூக்கவில்லை.

பிறகு துளசி பாக்குக்கே திரும்பிப் போய்விட்டேன். "எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று வந்தனா திட்டினாள். கம்மல் வாங்கினேன். பேல் பூரி தின்றேன். போட்டோவில் எல்லோரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கம்மலை ஒரு தடவைகூடப் போடவில்லை.

வெட்கப்பட்டுத்தான் போய்விட்டேன் என்று நினைப்பீர்கள். அதில்லை. வரிசையில் நின்றபடி உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். சோறு இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது, மெஷின் இருக்கிறது. தமிழ்செல்வன் அண்ணன் பெயர் இல்லை. இதுவரை எழுதிய எந்தக் கடிதத்திலும் இல்லை.

லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஷட்டரை இறக்கி வெளியே பூட்டுவது நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான். உள்ளே ஆள் சத்தம் காட்டாமல் வேலை பார்க்கும். அன்றும் நீங்கள் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனீர்கள். தோல் ஒட்டுகிற பசை டின் பற்றிக்கொண்டது. அண்ணன் ஷட்டரைத் தட்டியது மாடியில் எனக்குக் கேட்டது வாப்பா. இன்னும் கேட்கிறது.

அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். தனியாக ரயிலேறி வந்து உங்களைப் பார்க்கிறேன்.

சஃப்ரீன்

புனே ஜெயில்
14 பிப்ரவரி 2025

அன்பு மகளுக்கு,

ஜாமீனில் போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு. உன் கடிதத்தை இங்கே யாரும் பிரித்துப் படிக்காதது நல்லவேளை.

அந்தப் பையன் விஷயத்தைக் கடிதத்தில் எழுதவே கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பூட்டே போடவில்லை, சூட்டில் ஷட்டர் சிக்கிக்கொண்டது என்றுதான் கோர்ட்டில் பேசப்போகிறார். வேறு விதமாகச் சொல்ல ஆள் கிடையாதாம். நான் பூட்டியதை நீ மாடியிலிருந்து பார்த்தது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காமலிரு. ரம்ஜானுக்கு வாப்பா வீட்டில் இருப்பேன்.

பெற்ற தகப்பனைவிட அவன் உனக்குப் பெரிதாகிவிட்டானா? அடுத்த சனிக்கிழமை வா மக்கா. உன்னைப் பார்த்தால் போதும்.

வாப்பா

தாராவி
20 பிப்ரவரி 2025

வாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நேற்று அண்ணனின் அம்மா வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே சொன்னேன், பூட்டை யார் போட்டது என்று. அவர் அழவில்லை. "இத கோர்ட்டுல வந்து சொல்லுவியாட்டி?" என்று கேட்டார். சொல்வேன் என்றேன். அப்புறம்தான் உட்காரச் சொன்னார்.

உம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை வரமாட்டேன். விசாரணை அன்று உங்களை மும்பைக்குக் கூட்டிவருவார்கள். உங்களுக்கு எதிரே, சாட்சிக் கூண்டில் நிற்பேன். அப்போது என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சஃப்ரீன்